பஸ் ஓடப் பணம் கேட்பது எப்படி? டெல்டாவில் புதிதாகக் களமிறங்குபவர்களுக்கு

டெல்டாவில் நிழற்குடை இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது. பஸ் வராத நிழற்குடையைப் பார்ப்பது சுலபம். அறுவடை நேரத்தில் உள்ளே நெல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். மற்ற நாட்களில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். எந்த ஆண்டு, யாருடைய தொகுதி மேம்பாட்டு நிதியில், எத்தனை லட்சத்தில் கட்டியது என்பது மட்டும் சுவரில் பளிச்சென்று எழுதியிருக்கும்.

இதற்காக எம்.எல்.ஏ.வைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது, எம்.பி.க்கு 5 கோடி. இரண்டுமே நிலைத்து நிற்கும் சொத்தை உருவாக்குவதற்கான பணம். அதில் கூரை போடலாம், டீசல் போட முடியாது. டிரைவர், கண்டக்டர் சம்பளமும் கொடுக்க முடியாது. நம் ஊர்களில் கட்டுவதற்குக் காசு எப்படியாவது கிடைத்துவிடுகிறது; ஓட்டுவதற்குத்தான் கிடைப்பதில்லை. “எங்கள் ஊருக்கு பஸ் விடுங்கள்” என்று கேட்டால் கொடியசைத்து ஒரு பஸ் விடுவார்கள், மூன்று மாதத்தில் அது நின்றுபோகும். “இந்தத் தடத்தில் பஸ் ஓட ஆண்டுக்கு இவ்வளவு செலவாகிறது, அந்தப் பணத்துக்கு வழி செய்யுங்கள்” என்று ஊரே சேர்ந்து கேட்பது வேறு வேலை. அந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு, அதாவது கல்லூரி முடித்து ஊரில் இருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி, கடை வைத்திருப்பவர் போன்றவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு ரயில் கதை

கையில் நோட்டோடு கிளம்புவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

1894ல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை ஒரு ரயில் பாதை திறக்கப்பட்டது. அதைப் போட்டது அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலத்தின் மேல் கூடுதலாக ஒரு செஸ் வசூலித்து, அந்தப் பணத்தில் போட்ட பாதை. வண்டி ஓட்டும் பொறுப்பு மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் இருந்தது. பிறகு பாதை பட்டுக்கோட்டைப் பக்கமாக நீண்டு அறந்தாங்கி வரை போனது. ரயிலுக்காக வரி கட்டிய ஜில்லா நம்முடையது. ஜில்லா போர்டில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் மிராசுதார்கள், வயலில் இறங்கியவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை மறைத்துப் பெருமை பேசினால் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

இனி இந்தப் பக்கம் வாருங்கள். அதே பாதை மீட்டர்கேஜிலிருந்து அகலப்பாதையாக மாறி, 2019 ஜூனில் திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே டெமு என்னும் டீசல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. முதல் வண்டி ஓடிச் சரியாக 125 ஆண்டு கழித்து. தண்டவாளம் புதுசு, பாலங்கள் புதுசு, நடைமேடை புதுசு. கேட் கீப்பர் மட்டும் போதவில்லை. அதனால் கேட் கீப்பர்கள் ரயிலிலேயே கூடப் போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். ஏறத்தாழ 150 கிலோமீட்டரை இப்படிக் கடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே பஸ் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் பஸ்ஸில் ஏறினார்கள், ரயில் காலியாக ஓடியது. காலியாக ஓடியதைக் காட்டி, இந்தத் தடத்துக்குக் கூட்டம் இல்லை என்றும் பேசினார்கள்.

பாதை போடப் பல நூறு கோடி கிடைத்தது. கேட்டைத் திறந்து மூடும் ஆளுக்கான மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. பஸ்ஸோ ரயிலோ, நாம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது பணத்தைத்தான்.

ஒரு தடம், ஒரு நேரம்

“போக்குவரத்து வசதியை மேம்படுத்த வேண்டும்” என்று தொடங்காதீர்கள். அதற்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், ஒன்றும் நடக்கவும் செய்யாது. ஒரு தடத்தையும் ஒரு நேரத்தையும் பிடியுங்கள். குடவாசலிலிருந்து கும்பகோணத்துக்குக் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இன்னொரு நடை, அதாவது இன்னொரு ட்ரிப். இரவு வந்து ஊரிலேயே தங்கி விடிகாலையில் கிளம்பும் நைட் ஹால்ட் பஸ். நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி ஒரத்தூரில் இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு போடும் நேரத்துக்குள் வேதாரண்யம் பக்கத்து ஊர்களிலிருந்து மாறாமல் அங்கே போய்ச் சேர ஒரு வண்டி. இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் “முடியும்” அல்லது “முடியாது” என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எதை முதலில் எடுப்பது என்று குழம்பினால் என் யோசனை: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன நடையை எடுங்கள். அதற்குத் தடம் எண் இருக்கும், பழைய நேர அட்டவணை இருக்கும், ஓட்டிய டிரைவர்கூடப் பக்கத்து ஊரில் இருப்பார். புதுத் தடம் கேட்டால் சாலை அகலம், மதகுப் பாலத்தின் பலம், திருப்ப இடம் என்று பத்துக் கேள்வி வரும். வாய்க்கால் கரைச் சாலைகளில் அந்தக் கேள்விகள் நியாயமானவையும்தான்.

எண்ணுங்கள்

இதைச் சுருக்கமாகச் செய்தால் பின்னால் எல்லாமே ஆட்டம் காணும். நிதானமாகச் செய்யுங்கள்.

நிறுத்தத்துக்கு எதிரில் டீக்கடை இருக்கும். காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை ஒருவர், மாலை நான்கு முதல் ஏழு வரை ஒருவர். கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுத வேண்டியவை: வர வேண்டிய நேரம், வந்த நேரம், நின்றதா நிற்காமல் போனதா, ஏறியவர்கள், இறங்கியவர்கள், படியில் தொங்கியவர்கள். இவற்றைவிட முக்கியமானது ஏற முடியாமல் நின்றுவிட்டவர்கள். கடைசி எண்ணிக்கை அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் இருக்காது. டிக்கெட் வாங்கியவர்தான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் வருவார். பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவில் போனவர், அப்பாவின் பைக்கில் மூன்றாவதாக உட்கார்ந்து போன பிள்ளை, “இன்னைக்கு வேண்டாம்” என்று வீட்டுக்குத் திரும்பிய பாட்டி, இவர்களெல்லாம் உங்கள் நோட்டில் மட்டுமே இருப்பார்கள்.

ஒரு வாரமாவது எண்ணுங்கள், அதில் ஒரு சந்தை நாளும் ஒரு முகூர்த்த நாளும் இருக்கட்டும். முகூர்த்த நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் “கல்யாண நாள் கூட்டத்தைக் காட்டறீங்க” என்பார்கள். நடவு, களையெடுப்பு நடக்கும் வாரத்தில் பெண்கள் விடிவதற்கு முன்பே கூட்டமாகக் கிளம்பி வெளியூர் வயலுக்குப் போவார்கள். காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினால் அவர்கள் யாரும் அகப்பட மாட்டார்கள்.

இன்னொன்று. பல ஊர்களில் பெரிய தெருவுக்கு ஒரு நிறுத்தம், குடியிருப்புக்கு ஒரு நிறுத்தம் என்று இரண்டு இருக்கும். முதலாவதில் நிற்கும் பஸ் இரண்டாவதில் நிற்காமல் போவதும் உண்டு. இரண்டு இடத்திலும் எண்ணுங்கள். எண்ணும் வேலைக்கும் இரண்டு இடத்து ஆட்களும் வேண்டும். ஒரு தெருவின் கையெழுத்து மட்டும் உள்ள மனுவை அதிகாரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கும் மேல், அது ஊரின் கோரிக்கையும் அல்ல.

கழகத்தின் கணக்கை வாங்குங்கள்

நம் பகுதி பஸ்கள் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. 1972ல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, 1997ல் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர், மன்னர் பெயர்களை எடுத்தபோது இப்போதைய பெயருக்கு மாறியது. பெரியவர்கள் இன்றும் “சோழன் பஸ்” என்பார்கள். கிளை மேலாளர் டிப்போவில் இருப்பார். அவருக்கு மேலே மண்டலப் பொது மேலாளர். அதற்கும் மேலே கும்பகோணத்தில் மேலாண் இயக்குநர். ஒரு நடையின் நேரத்தை மாற்றுவது போன்ற சின்ன விஷயம் கிளையிலேயே முடியும். கூடுதல் வண்டி, கூடுதல் ஆள் என்றால் கிளை மேலாளர் கையில் எதுவும் இல்லை. அவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அவரை நண்பராக்கிக்கொண்டால் எந்த மேஜையில் கோப்பு கிடக்கிறது என்று சொல்வார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். “ஏன் பஸ்ஸை நிறுத்தினீர்கள்?” என்று கேட்காதீர்கள். “ஏன்” என்பதற்கு, அது தகவல் அல்ல என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். தடம் எண்ணைக் குறிப்பிட்டு, கடந்த 12 மாதங்களில் மாதவாரியாகத் திட்டமிட்ட நடைகள் எத்தனை, இயக்கியவை எத்தனை, ரத்தானவை எத்தனை. ரத்துக்குப் பதிவேட்டில் எழுதிய காரணம். அந்தத் தடத்தில் கிலோமீட்டருக்கு வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு. மகளிருக்கு வழங்கிய கட்டணமில்லா டிக்கெட்டுகள் எத்தனை, மாணவர் பயண அட்டைகள் எத்தனை. பதில் வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது, விடாதீர்கள்.

கட்டணமில்லா டிக்கெட்டைப் பற்றி ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், “அந்த ரூட்ல கலெக்‌ஷன் இல்லைங்க” என்பதுதான் நீங்கள் முதலில் கேட்கப்போகும் பதில். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடக்கிறது. அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குக் கொடுக்கிறது. 2025–26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். மாணவர் சலுகைக்கும் டீசல் மானியத்துக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. ஆக, பெண்களும் மாணவர்களும் நிறைந்து போகும் நடையில் கண்டக்டர் பையில் காசு குறைவாக இருப்பது இயல்பு. பையில் இருக்கும் காசை மட்டும் வைத்து நடையை எடை போடுகிறார்களா, அரசு தரும் ஈட்டுத்தொகையையும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். ஊர்ப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள்: காசு இல்லையென்றாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கூட்டத்தில் கண்டக்டர் அடிக்க மறந்த டிக்கெட், ஏறாத பயணிக்குச் சமம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண் ஆர்.டி.ஐ. பதிலில் வரும். ஒரு நடை 20 கிலோமீட்டர், நாளைக்கு 8 நடை, மொத்தம் 160 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 50 ரூபாய் செலவு என்றால் நாளைக்கு 8,000 ரூபாய். எல்லா வரவும் சேர்த்து 4,500 என்றால் பள்ளம் 3,500. ஆண்டுக்கு 12 லட்சத்து 77 ஆயிரத்து 500. அந்தத் தடத்தில் நான்கு ஊராட்சிகளில் 3,000 குடும்பங்கள் இருந்தால், குடும்பத்துக்கு மாதம் 36 ரூபாய்க்கும் குறைவு. குடும்பங்கள் இதைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “பெரிய நஷ்டம்” என்ற பேச்சு 36 ரூபாய் என்று ஆகும்போது டீக்கடையில் உரையாடலே மாறிவிடும். அந்தப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

யார் யாரிடம் போவது

பஸ்ஸில் போகிறவர்களை மட்டும் சேர்த்தால் போதாது. அவர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரமும் இருக்காது. பஸ்ஸில் போகாதவர்களைச் சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

கடைக்காரர்களிடம் முதலில் போங்கள். கடைசி பஸ் ஏழு மணிக்குப் போய்விட்டால் கடைத்தெரு ஆறரைக்கே காலியாகும், இது அவர்களுக்குத் தெரியும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்பதைக் கடை முதலாளி வாயாலேயே சொல்ல வையுங்கள். அப்புறம் விவசாயிகள். கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தண்ணீர், உரம், கொள்முதல் நிலையம் தவிர வேறு பேச்சு பெரும்பாலும் வராது. அங்கே ஒரு விவசாயி எழுந்து, “நடவாளு வர பஸ் இல்லை, வேன் வாடகையும் நான்தான் கொடுக்கிறேன்” என்று சொன்னால் அது புதிதாகக் கேட்கும், குறிப்பிலும் ஏறும்.

தலைமையாசிரியர்கள் தாமதமாக வரும் மாணவர்களின் எண்ணிக்கையைக் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளுக்கு எந்த பஸ் தேவை என்று சொல்வார். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவர்களிடம் தீர்மானப் புத்தகமும் வாரக் கூட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன.

பலர் மறந்துவிடுவது டிரைவர், கண்டக்டர்களை. டிப்போ வாசலில் நான்கைந்து சங்கத்தின் கொடிக்கம்பங்கள் நிற்கும். எல்லாச் சங்கத்திடமும் போங்கள், ஒன்றிடம் மட்டும் போனால் மற்றவை எதிரே நிற்கும். ஆள் இல்லாமல் நடை ரத்தாகிறதா, வண்டி இல்லாமலா என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. இரட்டை டியூட்டி பார்த்துக் களைத்த டிரைவரும், பஸ் கிடைக்காமல் களைத்த பயணியும் ஒரே கோரிக்கையின் இரண்டு முனைகள். ஆனால் அவர்கள் சொன்ன உள்விவரத்தைப் பெயரோடு எங்கும் எழுதிவிடாதீர்கள். மெமோ அவர்களுக்குத்தான் வரும்.

ஷேர் ஆட்டோக்காரர்களை எதிரியாக்க வேண்டாம். பஸ் நிற்கும் முக்கூட்டிலிருந்து உள் ஊர்களுக்கு அவர்கள்தான் ஓட்டப்போகிறார்கள். முன்கூட்டியே உட்கார்ந்து பேசினால் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மனுவும் தீர்மானமும்

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. “எங்கள் கிராமம் மிகவும் பின்தங்கிய…” என்று தொடங்கும் மனுக்கள் கட்டுக் கட்டாக அங்கே கிடக்கின்றன. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“தடம் எண் … காலை 7.40 நடை கடந்த 12 மாதங்களில் … நாட்கள் இயக்கப்படவில்லை (கழகத்தின் தகவல் உரிமைப் பதில் இணைப்பு 1). நாங்கள் எண்ணிய வாரத்தில் இந்த நேரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக … பேர் ஏற முடியாமல் நின்றனர் (இணைப்பு 2). இந்த நடையை நாள்தோறும் இயக்க ஆகும் கூடுதல் செலவு ஆண்டுக்கு ரூபாய் …. இத்தொகைக்குரிய ஒதுக்கீட்டையும், அதற்குத் தேவையான ஓட்டுநர், நடத்துநர் பணியிடங்களையும் வரும் நிதியாண்டில் வழங்குமாறு கீழ்க்கண்ட … ஊராட்சிகளின் கிராம சபைத் தீர்மானங்களோடு (இணைப்பு 3) கேட்டுக்கொள்கிறோம்.”

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தின் வாசகத்தை முன்பே எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போய் வாயால் சொன்னால் “பேருந்து வசதி கோரப்பட்டது” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். தடம் எண்ணும் தொகையும் தீர்மானத்தில் ஏற வேண்டும். நகல் கையில் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போங்கள்.

காலம் முக்கியம். மாநில பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். துறைகள் தங்கள் தேவையை அதற்குப் பல மாதம் முன்பே எழுதி அனுப்பிவிடும். பொங்கலுக்கு அப்புறம் மனு கொடுத்தால் அந்த ஆண்டுக்கு வண்டி கிளம்பிப் போயிருக்கும். நம் ஊர் வேலைகளோடு சேர்த்துப் பார்த்தால், எண்ணுவதற்கு ஆடி, ஆவணி சரியாக இருக்கும். பள்ளி, கல்லூரி திறந்திருக்கும், பெருமழை தொடங்கியிருக்காது. ஆகஸ்ட் 15ல் கோரிக்கையைச் சொல்லி வையுங்கள், அக்டோபர் 2ல் தொகையோடு தீர்மானம், ஐப்பசி மழை இறங்குவதற்குள் கலெக்டரின் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு. அதே மனு மேலாண் இயக்குநர், எம்.எல்.ஏ., போக்குவரத்துத் துறைச் செயலாளர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும். எம்.எல்.ஏ.விடம் நேரில் கொடுக்கும்போது, சட்டசபையில் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தடம் எண்ணைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். சட்டசபைக் குறிப்பில் ஏறினால் துறை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் யோசனை. 2028ல் மகாமகம் வருகிறது. சாலை, பஸ் நிலையம், சிறப்புப் பேருந்து என்று பணம் வரும். விழா முடிந்ததும் சிறப்புப் பேருந்துகள் வந்த வழியே போய்விடும். இப்போதே கேட்டு வைத்தால், அந்தப் பெயரில் வாங்கும் வண்டிகளில் சிலவற்றைச் சுற்றுவட்டாரத் தடங்களுக்கே ஒதுக்கச் சொல்லலாம்.

இதுவரை யார் எப்படிச் செய்தார்கள்?

சில நாடுகளில் இதற்கு மக்களிடமே ஓட்டுக் கேட்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியில் பொதுப் போக்குவரத்துக்கான விற்பனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2012ல் 66 சதவீதம் கிடைத்தும் மயிரிழையில் தோற்றது. 2016ல் எந்தப் பகுதிக்கு என்ன வரும் என்று பட்டியல் போட்டுக் காட்டிக் கேட்டார்கள். 71 சதவீதம் கிடைத்தது. நம்மிடம் அந்த வாக்கெடுப்பு கிடையாது. ஆனால் எனக்கு என்ன வரும் என்று தெரியாமல் யாரும் பணத்துக்குக் கை தூக்க மாட்டார்கள் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது கேரளம். 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் ‘கிராமவண்டி’ தொடங்கியது. பஸ்ஸும் ஊழியர் சம்பளமும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.யுடையது, டீசல் செலவு உள்ளாட்சியுடையது, எந்த வழியாக ஓட வேண்டும் என்பதில் உள்ளாட்சிக்கும் பேச்சு உண்டு. நம் ஊராட்சிகளின் வருமானத்துக்கு இது அப்படியே ஒத்துவராது. ஆனாலும் “ஓட்டும் செலவில் ஒரு பங்கை உள்ளாட்சிக்கு என்று தனி நிதி கொடுத்து ஏற்கச் செய்யுங்கள்” என்று கேட்க இது நல்ல முன்னுதாரணம்.

வரும் பேச்சுக்குப் பதில்

“இப்பதான் வீட்டுக்கு ஒரு வண்டி இருக்கே?” வீட்டுக்கு ஒன்று இருக்கிறது, வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். பகலில் அந்த வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

“இலவசம் கொடுத்துத்தான் கழகம் நஷ்டத்தில் போகுது.” இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 2018 ஜனவரியில் சாதாரண பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று ஆனது. அன்று டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே. அதன் பிறகு டீசல் 90 ரூபாயைத் தாண்டியும் அந்தக் கட்டணம் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. ஏழைக்குக் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பது அரசின் கொள்கை முடிவு என்றால், வித்தியாசத்தைக் கழகத்துக்கு முழுதாகக் கொடுக்க வேண்டியதும் அரசுதான்.

“மினி பஸ் வருதே, போதாதா?” 2025 ஜூன் 16 அன்று புதிய மினி பஸ் திட்டம் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. 25 கிலோமீட்டர் வரையிலான தடங்களில் தனியார் ஓட்டும் வண்டிகள். பஸ்ஸே போகாத உள் ஊர்களுக்கு நல்ல விஷயம், வந்தால் வரவேற்று மாலை போடுங்கள். ஆனால் தனியார் முதலாளி நஷ்டமான நேரத்தில் ஓட்ட மாட்டார். இரவு ஒன்பது மணி நடையை அவரிடம் எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை.

சாலை மறியல் பற்றி

டெல்டாவில் சங்கம் ஆரம்பித்த மறுவாரமே யாராவது “மறியல் பண்ணிடலாம்” என்பார். புத்தகப் பையோடு பிள்ளைகளை ரோட்டில் உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. அதைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், மறியலுக்கு வருபவர் தாசில்தார். அவரிடம் பஸ்ஸும் இல்லை, பஸ்ஸுக்கான பணமும் இல்லை. “ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்கிறோம்” என்பார், கூட்டம் கலையும். எல்லா வழியும் அடைபட்டு மறியலில்தான் முடிகிறது என்றால், கழகத்தின் அதிகாரியும் வந்து உட்காராமல் பேச்சுவார்த்தையை முடிக்காதீர்கள். என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்தான நகலை வாங்குங்கள். பின்னால் ஆர்.டி.ஐ.யில் அந்த நகலைக் காட்டிக் கேட்க முடியும்.

ரயில் என்றால்

ரயில் மத்திய அரசின் பணம்; ரயில்வே பட்ஜெட் 2017 முதல் பொது பட்ஜெட்டுக்குள் போய்விட்டது. அதனால் எம்.பி., திருச்சி கோட்ட மேலாளர், கோட்டப் பயணிகள் ஆலோசனைக் குழு ஆகிய மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். பல ஊர்களில் ரயில் பயணிகள் சங்கங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றன, புதிதாக ஒன்று தொடங்காமல் அதில் சேருங்கள். ஒரு ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் பரிசோதனை அடிப்படையில் சில மாதம் நிறுத்தம் கொடுத்து டிக்கெட் விற்பனையைப் பார்ப்பார்கள். அந்த மாதங்களில் ஊரார் அந்த ஸ்டேஷன் பெயரிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். வழக்கம்போலப் பக்கத்து ஜங்ஷனிலிருந்து எடுத்துவிட்டு இங்கே ஏறினால், போராடி வாங்கிய நிறுத்தம் கணக்குப்படி தோற்றுவிடும். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை 2023 ஏப்ரலில் மறுபடி திறந்ததைப் போலப் பாதை திறக்கும் நாளில் எல்லாரும் வருவார்கள். எத்தனை நடை, எந்த நேரம், சென்னை வண்டிக்கு இணைப்பு உண்டா என்று மறுநாள் கேட்க ஆள் வேண்டும்.

பஸ் வந்த பிறகு

கொடியசைப்பு விழாவுக்குப் போங்கள், சால்வை போடுங்கள், போட்டோ எடுத்து நாளிதழ் நிருபருக்குக் கொடுங்கள். செய்து கொடுத்தவர் எந்தக் கட்சியானாலும் நன்றி சொல்லி ஒரு போஸ்டர் ஒட்டுவதில் தப்பில்லை. அடுத்த முறை கதவு திறக்க அது உதவும்.

அன்று சாயங்காலமே நோட்டை மறுபடி எடுங்கள். முதல் மூன்று மாதம்தான் புது நடைக்குக் கண்டம். டிரைவர் விடுப்பு, வண்டி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போயிருக்கிறது, கோயில் திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்தாக எடுத்துப் போய்விட்டார்கள் என்று ஒரு நாள் விடுபடும். கேட்க ஆள் இல்லையென்றால் வாரம் ஒரு நாள் ஆகும், பிறகு பயணிகள் நம்பிக்கை போய் ஷேர் ஆட்டோவுக்குத் திரும்புவார்கள், பிறகு “கூட்டமே இல்லை” என்று கோப்பு மூடப்படும். அதனால் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒருவர் “7.40 வந்தது” அல்லது “வரவில்லை” என்று மட்டும் போட வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு அந்தக் குழுவில் தடை போடுங்கள், இல்லையென்றால் பதிவு எதுவும் தேடினால் கிடைக்காது. வராத நாளைக் கிளை மேலாளருக்கு அன்றே செய்தியாக அனுப்புங்கள். மாதக் கடைசியில் மொத்தப் பட்டியலை மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள்; வந்த நாட்களையும் அதில் சேருங்கள், குறை மட்டும் சொல்பவர்களின் கடிதத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அடுத்த அக்டோபர் 2 கிராம சபைக்கு இந்தப் பட்டியல்தான் உங்கள் இணைப்பு 1.